வாஷிங்டன் மூன்றாம் முறையும் நின்றிருந்தால்?

ஜார்ஜ் வாஷிங்டன் இரண்டு முறை அதிபராக இருந்தார். மூன்றாவது முறை வேண்டாம் என்று ஊருக்குப் போய்விட்டார். பின்னால் வந்தவர்களும் அதையே பின்பற்றினார்கள். அமெரிக்க அதிபரின் பதவிக்காலம் பற்றி எல்லோருக்கும் தெரிந்த கதை இது. சம்பவங்கள் சரிதான். ஆனால் அவர் ஏதோ கொள்கைக்காக விலகினார் என்று கூடவே சேர்த்துச் சொல்வார்கள், அங்கேதான் இடிக்கிறது. 1788 ஏப்ரலில், புதிய அரசியல் சாசனத்துக்கு மாநிலங்கள் இன்னும் ஒப்புதல் கொடுத்துக்கொண்டிருந்த நாட்களில், வாஷிங்டன் தன் பிரெஞ்சு நண்பர் லஃபாயெத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். அதிபர் பதவியில் ஆட்கள் கட்டாயமாக மாறிக்கொண்டே இருக்க வேண்டும் என்று ஜெஃபர்சன் சொல்வதில் தனக்கு உடன்பாடில்லை, பெரிய நெருக்கடி வரும்போது இவர்தான் தகுதியானவர் என்று நாடே நினைக்கும் ஒருவரை நாமே எதற்குத் தடுத்து வைக்க வேண்டும் என்பது அந்தக் கடிதத்தின் சாரம்.

1796இல் அவர் விலகியதற்குக் காரணம் களைப்பு. 1792லேயே போய்விட நினைத்து, சாசனம் எழுதியவர்களில் முக்கியமானவரான ஜேம்ஸ் மேடிசனிடம் விடைபெறும் உரை ஒன்றை எழுதி வாங்கி வைத்திருந்தார். எதிலும் ஒத்துப்போகாத நிதி அமைச்சர் ஹாமில்டனும் வெளியுறவு அமைச்சர் ஜெஃபர்சனும் அந்த ஒரு விஷயத்தில் மட்டும் ஒரே குரலில் பேசி அவரை இருக்க வைத்தார்கள். இரண்டாவது பதவிக்காலம் அவரைப் படுத்திவிட்டது. பிரிட்டனோடு ஜான் ஜே செய்த ஒப்பந்தத்துக்காக ஊர் ஊராகக் கூட்டம் போட்டுத் திட்டினார்கள்; பத்திரிகைகளும் அவரை விட்டுவைக்கவில்லை. 64 வயதில் மவுண்ட் வெர்னன் பண்ணைக்குத் திரும்பினால் போதும் என்றாகிவிட்டது. 1796 செப்டம்பர் 19 அன்று ஃபிலடெல்ஃபியா பத்திரிகை ஒன்றில் வெளியான அவருடைய விடைபெறும் உரையில் கட்சிச் சண்டையைப் பற்றி எச்சரிக்கை உண்டு, வெளிநாட்டு உறவுகளைப் பற்றி அறிவுரை உண்டு. ஒருவர் இரண்டு முறைக்கு மேல் அதிபராக இருக்கக்கூடாது என்று ஒரு வரி கிடையாது.

அதனால் ‘அவர் நின்றிருந்தால்?’ என்று கேட்பது வெறும் கற்பனை விளையாட்டு ஆகாது. உடம்பும் மனசும் கொஞ்சம் ஒத்துழைத்திருந்தால் நடந்திருக்கக்கூடிய காரியம். அவர் மூன்றாம் முறை நின்றிருந்தாலும் ‘இரண்டு முறை போதும்’ என்ற வழக்கம் எப்படியாவது வந்து சேர்ந்திருக்கும் என்பது என் எண்ணம். உண்மையில் தலைகீழாகியிருக்கக்கூடியது வேறொன்று: அதிபர் நடுவில் போய்விட்டால் அந்த இடத்துக்கு யார், எந்த உரிமையோடு வருவது என்ற விதி.

ஏழு ஆண்டு, ஒரே ஒரு முறை

1787 கோடையில் ஃபிலடெல்ஃபியாவில் சாசனம் எழுத உட்கார்ந்தவர்கள் முதலில் எடுத்த முடிவே வேறு. அதிபரைக் காங்கிரஸ்தான் தேர்ந்தெடுக்கும். பதவிக்காலம் ஏழு ஆண்டு. அதற்கப்புறம் அதே ஆள் மறுபடி வரமுடியாது. ஜூன் தொடக்கத்திலேயே இப்படி ஓட்டுப் போட்டுவிட்டார்கள். காரணம் எளிது. காங்கிரஸ் தேர்ந்தெடுக்கும் ஆளுக்கு மறுபடி நிற்கும் வாய்ப்பும் இருந்தால், அவர் காங்கிரசின் தயவை எதிர்பார்த்தே காலத்தை ஓட்டுவார். ஒரே முறைதான் என்று சொல்லிவிட்டால் யாருக்கும் வளைந்து கொடுக்க வேண்டியதில்லை. தேர்ந்தெடுக்கும் முறையும் பதவிக்கால வரம்பும் இப்படிப் பின்னிக்கிடந்தன. ஒன்றைத் தொட்டால் இன்னொன்று ஆடும்.

ஆடத்தான் செய்தது. ஜூலை 17 அன்று மறுமுறை நிற்கக்கூடாது என்ற தடையை எடுத்தார்கள். அப்படித் தடுப்பது ‘காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்’ என்று அதிபருக்கே சொல்லிக்கொடுப்பது போல என்றார் பென்சில்வேனியாவின் கூவர்னர் மோரிஸ். உடனே வர்ஜீனியாவின் ஜேம்ஸ் மெக்ளர்க் எழுந்து, அப்படியானால் ஏழு ஆண்டு எதற்கு, ஒழுங்காக நடந்துகொள்ளும்வரை அவரே இருக்கட்டும் என்றார். அதாவது ஆயுள் முழுக்க. இந்தத் தீர்மானம் தோற்றது, ஆனால் 4 மாநிலங்கள் ஆதரவு, 6 எதிர்ப்பு என்ற கணக்கில். இரண்டு மாநிலங்கள் மனம் மாறியிருந்தால் அமெரிக்காவுக்கு வாழ்நாள் அதிபர் கிடைத்திருப்பார். ஒரு வாரம் கழித்து விவாதம் ஏலக்கடை போல ஆகிவிட்டது. ஒருவர் 11 ஆண்டு என்றார், இன்னொருவர் 15 என்றார், ரூஃபஸ் கிங் 20 என்றார். இளவரசர்கள் சராசரியாக ஆளும் காலம் அதுதானே என்று அவர் சொன்னது கிண்டலாக இருக்கலாம் என்று மேடிசனின் குறிப்பிலேயே இருக்கிறது. சுற்றிச் சுற்றி ஜூலை 26 அன்று பழைய இடத்துக்கே வந்தார்கள்: ஏழு ஆண்டு, ஒரே முறை. ஆகஸ்டில் தயாரான வரைவிலும் அதுவே இருந்தது.

இன்று நமக்குத் தெரிந்த நான்கு ஆண்டுக் காலம், மறுபடி நிற்கும் உரிமை, அதிபரைத் தேர்ந்தெடுக்க மாநிலங்கள் அனுப்பும் தேர்வாளர்கள், துணை அதிபர் எல்லாம் ஒரே கட்டாக செப்டம்பர் 4 அன்று ஒரு குழுவின் அறிக்கையில் வந்தன. சாசனம் கையெழுத்தானது செப்டம்பர் 17. மூன்று மாதம் பேசிய விஷயத்தைக் கடைசி இரண்டு வாரத்துக்குள் மாற்றினார்கள். ஊருக்குப் போகும் அவசரத்தில் இருந்தவர்கள் இதைப் பெரிதாகத் தோண்டவில்லை.

அந்தக் குழு அப்படி மாற்றாமல் போயிருந்தால்? வாஷிங்டன் 1789இல் தொடங்கி 1796 மார்ச்சோடு வீட்டுக்குப் போயிருப்பார், விரும்பினாலும் விரும்பாவிட்டாலும். அடுத்தவரைக் காங்கிரஸ் தேர்ந்தெடுத்திருக்கும். ஜே ஒப்பந்தச் சண்டை உச்சத்தில் இருந்த நேரம் அது. பிரதிநிதிகள் சபையில் ஜெஃபர்சன் பக்கத்தவர்கள் கை ஓங்கியிருந்தது, செனட் ஹாமில்டன், ஆடம்ஸ் தரப்பான ஃபெடரலிஸ்டுகள் கையில். இரண்டு சபையும் சேர்ந்து உட்கார்ந்து ஒருவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றால் விடிய விடிய பேரம் நடந்திருக்கும். அதில் வாஷிங்டனின் துணை அதிபர் ஜான் ஆடம்ஸ் வந்திருந்தால் 1803 வரை அசைக்க முடியாது. அரசையும் அதிபரையும் விமர்சித்து எழுதுபவர்களைச் சிறையில் தள்ள 1798இல் ஃபெடரலிஸ்டுகள் கொண்டுவந்த தேசத்துரோகச் சட்டம் 1801 மார்ச் 3 அன்று காலாவதியாகும்படி எழுதப்பட்டிருந்தது. ஆடம்சின் பதவிக்காலத்தின் கடைசி நாள் அது. எதிர்க்கட்சி ஆட்சிக்கு வந்தால் அதே சட்டம் நம்மீது பாயுமே என்ற முன்யோசனை. ஏழு ஆண்டுக் காலமாக இருந்திருந்தால் அந்தக் காலாவதித் தேதியும் 1803க்குத் தள்ளிப்போயிருக்கும் என்று ஊகிப்பதில் தவறில்லை.

ஒரே முறை என்ற யோசனை ஒருதடவை நடைமுறைக்கும் வந்தது, ஆனால் எதிர்த்தரப்பில். 1861இல் பிரிந்துபோன தென்மாநிலங்கள் தங்கள் சாசனத்தில் ஆறு ஆண்டு, ஒரே முறை என்று எழுதிக்கொண்டன. ஜெஃபர்சன் டேவிஸ் அதன்படி 1862 பிப்ரவரியில் பதவியேற்றார். ஆறு ஆண்டு முடியும்வரை அந்த அரசே நிலைக்கவில்லை. சோதனை பாதியில் நின்றுபோனது.

1799 டிசம்பர் 14

சரி, நான்கு ஆண்டு விதியே இருக்கட்டும். வாஷிங்டன் 1796இல் ‘இன்னும் ஒரு முறை’ என்று தலையாட்டியிருந்தால்? வெற்றியில் சந்தேகமே இல்லை. முந்தைய இரண்டு முறையும் ஒரு தேர்வாளர்கூட அவருக்கு எதிராகப் போடவில்லை. மூன்றாவது பதவிக்காலம் 1797 மார்ச் 4 முதல் 1801 மார்ச் 3 வரை.

ஆனால் வாஷிங்டன் 1799 டிசம்பர் 14 அன்று இறந்துவிட்டார். மழையிலும் பனியிலும் பண்ணையைச் சுற்றிவந்தவருக்குத் தொண்டை வீங்கி மூச்சு முட்டியது. வைத்தியர்கள் ரத்தத்தை வேறு இறைத்தார்கள். இரண்டே நாளில் முடிந்துவிட்டது. அதிபர் மாளிகையில் இருந்திருந்தால் பண்ணையைச் சுற்றியிருக்க மாட்டார் என்று வாதம் செய்யலாம்தான். ஃபிலடெல்ஃபியாவும் அவ்வளவு பாதுகாப்பான ஊர் கிடையாது. 1793இல் அங்கே பரவிய மஞ்சள் காய்ச்சலில் ஏறத்தாழ 5,000 பேர் செத்தார்கள், ஹாமில்டனே படுத்து எழுந்தார். 67 வயதுக்காரர், அந்தக் காலத்து மருத்துவம். அவர் மூன்றாவது பதவிக்காலத்தை முடித்திருக்க மாட்டார் என்று எடுத்துக்கொள்வதே நியாயம்.

அப்போது துணை அதிபர் யார்? இந்தக் கேள்வியில்தான் விஷயம் சூடு பிடிக்கிறது. அன்றைய முறைப்படி ஒவ்வொரு தேர்வாளரும் இரண்டு பேருக்கு ஓட்டுப் போடுவார். இது அதிபருக்கு, இது துணை அதிபருக்கு என்று பிரித்துச் சொல்ல முடியாது. அதிக ஓட்டு வாங்கியவர் அதிபர், அடுத்தவர் துணை அதிபர். 1796இல் உண்மையில் நடந்த கணக்கு: ஆடம்ஸ் 71, ஜெஃபர்சன் 68. வாஷிங்டன் நின்றிருந்தால் எல்லோருடைய ஒரு ஓட்டும் அவருக்கே போயிருக்கும். மீதி ஒன்று அவரவர் கட்சிக்காரருக்கு, அதாவது ஆடம்சுக்கோ ஜெஃபர்சனுக்கோ. துணை அதிபர் நாற்காலி ஏறக்குறைய அதே 71க்கும் 68க்கும் நடுவில் ஊசலாடியிருக்கும். ஓரிரண்டு தேர்வாளர்கள் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ சாய்ந்தால், 1799 டிசம்பரில் நாட்டின் தலைமை ஒரு கட்சியிலிருந்து இன்னொரு கட்சிக்கு, தேர்தலே இல்லாமல், ஒரு தொண்டை வலியால் மாறியிருக்கும்.

ஆடம்ஸ் வந்திருந்தால் அவ்வளவு குழப்பம் இல்லை. ஒரே கட்சி, மீதி 15 மாதத்தை ஓட்டியிருப்பார். பட்டம், மரியாதை விஷயத்தில் ஆடம்ஸ் கறாரான ஆள். 1789இல் அதிபரை வெறுமனே அதிபர் என்று அழைத்தால் போதாது, மேன்மைதாங்கிய என்றெல்லாம் முன்னால் சேர்க்க வேண்டும் என்று செனட்டில் வாரக்கணக்கில் வாதாடியவர். ‘நான் அதிபரின் வேலையைப் பார்க்கும் துணை அதிபர்தான்’ என்று அவர் அடக்கமாகச் சொல்லிக்கொள்வார் என்று என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

ஜெஃபர்சன் வந்திருந்தால் கதை வேறு. 1799 இறுதியில் நாடு பிரான்சோடு அறிவிக்கப்படாத கடற்போரில் இருந்தது. புதிய படையில் நடைமுறைத் தலைமை ஹாமில்டனிடம் இருந்தது. செனட்டும் பிரதிநிதிகள் சபையும் ஃபெடரலிஸ்டுகளிடம். அந்த நேரத்தில் பிரான்சின் நண்பர் என்று அவர்கள் தூற்றிக்கொண்டிருந்த ஆள் அதிபர் நாற்காலியில் வந்து உட்கார்ந்தால் சும்மா விட்டிருப்பார்களா? அவர்கள் கையில் ஒரு சட்டப் பிடிமானமும் இருந்தது. அதிபர் இறந்தாலோ விலகினாலோ எது துணை அதிபருக்குப் போகிறது, பதவியா அல்லது அதன் அதிகாரங்கள் மட்டுமா என்பதைச் சாசனம் தெளிவாகச் சொல்லவில்லை. செப்டம்பர் 4 வரைவில் தெளிவாகத்தான் இருந்தது: இன்னொரு அதிபர் தேர்ந்தெடுக்கப்படும்வரை துணை அதிபர் அந்த அதிகாரங்களைச் செலுத்துவார். மொழியைச் செப்பனிட்ட குழு இரண்டு வாக்கியங்களைச் சுருக்கி ஒன்றாக்கியபோது அந்தத் தெளிவு போய்விட்டது. ‘நீங்கள் தற்காலிக ஆள், அதிபர் இல்லை, அமைச்சர்களை மாற்றும் வேலை வேண்டாம்’ என்று செனட் ஜெஃபர்சனிடம் சொல்லியிருக்கும். அந்தச் சண்டையைத் தீர்த்துவைக்கச் சாசனம் எழுதிய ஆட்களே பாதிப்பேர் உயிரோடு இருந்தார்கள் என்பது ஒன்றுதான் ஆறுதல்.

வாஷிங்டனை மறுபடி நிறுத்தும் எண்ணம் உண்மையிலேயே எழுந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1799 கோடையில் கனெக்டிகட் ஆளுநர் ஜானதன் ட்ரம்புல், 1800 தேர்தலில் நீங்கள்தான் நிற்க வேண்டும் என்று எழுதிக் கேட்டார். வாஷிங்டனின் பதிலில் கசப்பு வழிகிறது. ஒரு துடைப்பக்கட்டையை நிறுத்தி, இதுதான் சுதந்திரத்தின் உண்மையான புதல்வன் என்று சொன்னாலும் எதிர்க்கட்சிக்காரர்கள் அப்படியே ஓட்டுப் போட்டுவிடுவார்கள். தான் நின்றாலும் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு ஓட்டும் விழாது என்றார். நம் ஊரில் விளக்குக் கம்பத்தைச் சொல்வோம், அவர் துடைப்பத்தைச் சொன்னார். ஆளைப் பார்த்து ஓட்டுப் போட்ட காலம் முடிந்து கட்சியைப் பார்த்துப் போடும் காலம் வந்துவிட்டது என்பதை அவர் மற்ற பலருக்கும் முன்னால் புரிந்துகொண்டிருந்தார். இந்தக் கடிதத்திலும் கொள்கை இல்லை. வயசு, கட்சி, களைப்பு, இவ்வளவுதான்.

வழக்கத்தின் அப்பன் யார்

அந்தக் கொள்கையைப் பேசியவர் ஜெஃபர்சன். 1787 டிசம்பரில் பாரிசிலிருந்து மேடிசனுக்கு எழுதும்போதே, சாசனத்தில் உரிமைப் பட்டியல் இல்லை என்பதற்கு அடுத்த குறையாக, அதிபர் பதவியில் கட்டாய மாற்றம் இல்லை என்பதைச் சொன்னார். தடை இல்லாவிட்டால் திரும்பத் திரும்ப ஒருவரையே தேர்ந்தெடுத்துக் கடைசியில் அது ஆயுள் பதவியாகிவிடும் என்பது அவர் பயம். இப்படி நினைத்தவர் அவர் ஒருவர் மட்டும் இல்லை. சாசனத்தை ஏற்றுக்கொண்டபோதே வர்ஜீனியா, 16 ஆண்டில் 8 ஆண்டுக்கு மேல் ஒருவர் அதிபராக இருக்கக்கூடாது என்று திருத்தம் கேட்டது. மூன்றாவது முறை கூடாது என்றது நியூயார்க். எதிர்ப்பக்கத்தில் ஹாமில்டன், பதவி இழந்த பழைய அதிபர்கள் அரைடஜன் பேர் ஏக்கம் பிடித்த ஆவிகளைப் போல மக்கள் நடுவே திரிவது நாட்டுக்கு நல்லதா என்று கேட்டு எழுதினார்.

1805 ஜனவரியில், இரண்டாம் முறை பதவியேற்கும் முன்பே, ஜெஃபர்சன் நண்பர் ஜான் டெய்லருக்குத் தன் திட்டத்தை எழுதிவிட்டார். வாஷிங்டன் எட்டு ஆண்டில் தானாக விலகி முன்மாதிரி காட்டினார், நானும் செய்வேன். இன்னும் சிலர் செய்தால் பின்னால் நீட்டிக்க நினைப்பவருக்கு அந்தப் பழக்கமே தடையாகிவிடும் என்றார். கூடவே ஒரு ஓட்டையும் வைத்துக்கொண்டார்: வாரிசைப் பற்றி ஒற்றுமை இல்லாமல் போய், முடியாட்சிக்காரர் ஒருவர் வந்துவிடும் ஆபத்து இருந்தால் மட்டும் மறுபடி நிற்பேன். 1807 டிசம்பரில் வெர்மான்ட் சட்டமன்றம் மூன்றாவது முறை நிற்கச் சொல்லிக் கேட்டபோது மறுத்து, அந்தப் பதிலைப் பொதுவெளியிலும் விட்டார்.

வாஷிங்டனின் களைப்பை ஒரு கொள்கையாக மாற்றி ஊருக்குச் சொன்னவர் இவர்தான். ஆகவே வாஷிங்டன் மூன்றாம் முறை நின்று பதவியில் இறந்திருந்தாலும், ஜெஃபர்சன் தன் முறை வந்தபோது எட்டு ஆண்டோடு நின்றிருப்பார். ‘என் புகழ்பெற்ற முன்னோடி காட்டிய வழி’ என்று சொல்ல முடியாமல், தன் சொந்த வாதத்தை வைத்துப் பேசியிருப்பார். அவருக்குப் பின்னால் வந்த மேடிசனும் மன்றோவும் அவருடைய வர்ஜீனியா நண்பர்கள், அதே கருத்துப் பள்ளி. மன்றோ 1820இல் ஒரே ஒரு ஓட்டு தவிர மற்றதெல்லாம் வாங்கியவர். மூன்றாவது முறை கேட்டிருந்தால் தடுத்திருக்க ஆள் இல்லை. கேட்கவில்லை. இப்படி மூன்று பேர் தொடர்ந்து விலகினால் வழக்கம் வந்துவிடும். 1880இல் கிராண்ட் அதை உடைக்கப் பார்த்துக் கட்சி மாநாட்டிலேயே தோற்றார். 1940இல் ரூஸ்வெல்ட் உடைத்தார். 1951இல் அது 22வது திருத்தமாக எழுத்தில் ஏறியது.

காலி நாற்காலி

நாற்காலி காலியானால் என்ன என்ற கேள்வியை அமெரிக்கா அதிர்ஷ்டத்தால் 52 ஆண்டு தள்ளிப்போட்டது. 1789 முதல் 1841 வரை ஒரு அதிபர்கூடப் பதவியில் சாகவில்லை.

அதிபரும் துணை அதிபரும் இருவருமே இல்லாவிட்டால் என்ன செய்வது என்று 1792இல் ஒரு சட்டம் போட்டார்கள். பிரதிநிதிகள் சபையின் முதல் யோசனை வெளியுறவு அமைச்சர். அந்த நாற்காலியில் இருந்தவர் ஜெஃபர்சன். ஹாமில்டன் ஆட்கள் விடுவார்களா? செனட்டின் இடைக்காலத் தலைவர், அவர் இல்லாவிட்டால் சபாநாயகர் என்று மாற்றினார்கள். சட்டமன்றத்தின் ஆளை நிர்வாகத்தின் தலையில் வைப்பது சாசனத்துக்கே ஒத்துவராது என்று மேடிசன் எதிர்த்தும் பயனில்லை. அந்தச் சட்டத்தில் இன்னொரு விதியும் இருந்தது: இப்படி வருபவர் தற்காலிகம்தான், சீக்கிரமே தனித் தேர்தல் நடத்தி, அடுத்த மார்ச் 4 முதல் முழு நான்கு ஆண்டுக்குப் புது அதிபரைக் கொண்டுவர வேண்டும்.

இந்தச் சட்டம் 1801லேயே சோதனைக்கு வந்திருக்கும். 1800 தேர்தலில் ஜெஃபர்சனும் அவர் கட்சியின் துணை அதிபர் வேட்பாளர் ஆரன் பர்ரும் தலா 73 ஓட்டு வாங்கிச் சமநிலையில் நின்றார்கள். முடிவு பிரதிநிதிகள் சபைக்குப் போனது. மாநிலத்துக்கு ஒரு ஓட்டு, மொத்தம் 16, ஜெயிக்க 9 வேண்டும். பிப்ரவரி 11 முதல் 35 முறை ஓட்டெடுத்தும் ஜெஃபர்சன் 8, பர் 6, இரண்டு மாநிலம் இரண்டாகப் பிளந்து பூஜ்யம். மேரிலாந்தின் ஜோசஃப் நிக்கல்சன் கடுங்காய்ச்சலில் பனிக்குள்ளே தூக்கிவரப்பட்டு, பக்கத்து அறையில் படுத்துக்கொண்டே ஓட்டுப் போட்டார். அவர் வராதிருந்தால் மேரிலாந்து பர் பக்கம் போயிருக்கும். மார்ச் 4க்குள் முடிவு வராவிட்டால் செனட்டின் இடைக்காலத் தலைவர் ஒருவரைக் கொண்டுவந்துவிடலாம் என்று ஃபெடரலிஸ்டுகள் சிலர் கணக்குப் போட்டார்கள். பென்சில்வேனியா, வர்ஜீனியா ஆளுநர்கள் தங்கள் படைகளைத் தயார்நிலையில் வைக்கும் யோசனையில் இருந்தார்கள்.

இந்த முட்டுச்சந்து உடையாமல் போயிருந்தால் சட்டம் காப்பாற்றியிருக்காது. 1792 சட்டம் மரணம், ராஜினாமா, நீக்கம், இயலாமை பற்றித்தான் பேசுகிறது. யாருமே தேர்ந்தெடுக்கப்படாமல் போனால் என்ன என்று அதில் இல்லை. போதாததற்கு, துணை அதிபர் என்ற முறையில் செனட்டின் தலைமை இருக்கையில் உட்கார்ந்திருந்தவர் ஜெஃபர்சனே. அவர் எழுந்து போகாதவரை இடைக்காலத் தலைவரைத் தேர்ந்தெடுக்கவே முடியாது. சபாநாயகரின் காலமும் மார்ச் 3 அன்றே முடிகிறது. மார்ச் 4 காலையில் அமெரிக்காவுக்கு அதிபரும் இல்லை, துணை அதிபரும் இல்லை, அந்த இடத்துக்கு வர சட்டப்படி ஒருவரும் இல்லை என்ற நிலை. டெலவரின் ஒரே உறுப்பினரான ஃபெடரலிஸ்ட் ஜேம்ஸ் பேயர்ட் விட்டுக்கொடுத்ததால் பிப்ரவரி 17 அன்று 36வது ஓட்டில் ஜெஃபர்சன் ஜெயித்தார். 1804இல் வந்த 12வது திருத்தம் அதிபருக்கும் துணை அதிபருக்கும் ஓட்டைத் தனித்தனியாக்கியது. அதிபர் இறந்தால் துணை அதிபர் முழு அதிபரா, தற்காலிக ஆளா என்ற பழைய குழப்பத்தை அது தீர்த்துவைக்கவில்லை. அப்படி எதுவும் அதுவரை நடக்கவில்லை.

மாற்று வரலாறு எழுத ஆசைப்படுபவர்கள் வாஷிங்டனை விட்டுவிட்டு மேடிசன் காலத்துக்கு வரலாம். மேடிசனின் துணை அதிபர்கள் இரண்டு பேருமே பதவியில் செத்தவர்கள். ஜார்ஜ் கிளின்டன் 1812 ஏப்ரலில் இறந்தார். அந்த ஜூனில் பிரிட்டன்மீது போர் அறிவித்தபோது நாட்டுக்குத் துணை அதிபரே இல்லை. அடுத்தவர் எல்பிரிட்ஜ் கெரி. 1813 ஜூனில் மேடிசனுக்குக் கடுங்காய்ச்சல் வந்து சில வாரம் பிழைப்பாரா என்றிருந்தது. கெரிக்கு 68 வயது, அவரும் திடகாத்திரமானவர் இல்லை. வழக்கமாகக் கூட்டத்தொடர் முடியும் நேரத்தில் துணை அதிபர் இருக்கையை விட்டு விலகி, செனட் இடைக்காலத் தலைவரைத் தேர்ந்தெடுக்க வழிவிடுவார். கெரி எழுந்திருக்கவே இல்லை. தான் போனால் மேடிசனுக்கு ஆகாத வில்லியம் ஜைல்ஸ் அந்த இடத்துக்கு வந்துவிடுவார் என்ற பயம். விளைவு, அந்தக் கோடையில் மேடிசன், கெரி என்ற இரண்டு நோஞ்சான் உயிர்களுக்கு அடுத்து வரிசையில் நின்றவர் சபாநாயகர் ஹென்ரி கிளே. வயது 36. அதிபராக இருக்கச் சாசனம் கேட்கும் குறைந்த வயது 35. போர் வேண்டும் என்று முழங்கியவர்களில் முதல் ஆள். பின்னாளில் மூன்று முறை அதிபர் தேர்தலில் நின்று தோற்கப்போகிறவர், நிற்காமலே அந்த இடத்துக்கு வந்திருப்பார்.

இன்னொரு வழியும் உண்டு. கெரி 1814 நவம்பர் 23 அன்று இறந்தார். அந்தக் குளிர்காலத்தில் மேடிசனும் போயிருந்தால் 1792 சட்டத்தின் தனித் தேர்தல் விதி உயிர்பெற்றிருக்கும். 1814 டிசம்பருக்கு அவகாசம் போதாது என்பதால் 1815 டிசம்பரில் தேர்வாளர்கள் கூடியிருப்பார்கள். புது அதிபரின் நான்கு ஆண்டு 1816 மார்ச் 4 அன்று தொடங்கும். அப்புறம் தேர்தல்கள் 1819, 1823 என்று ஓடியிருக்கும். நான்கால் வகுபடும் ஆண்டில் அதிபர் தேர்தல் என்ற ஒழுங்கே போயிருக்கும். 1860இல் தேர்தல் இருக்காது, 1859இல் இருந்திருக்கும். 1859 அக்டோபரில்தான் அடிமை முறையை எதிர்த்து ஜான் பிரவுன் ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரி ஆயுதக் கிடங்கைத் தாக்கினார். அந்தச் சூட்டோடு நாடு ஓட்டுச்சாவடிக்குப் போயிருக்கும், லிங்கனைத் தேசம் அறியவைத்த 1860 பிப்ரவரி நியூயார்க் உரைக்கு முன்பே. இவ்வளவு தூரம் ஊகத்தை இழுப்பது ஆபத்து என்று தெரியும். ஆனால் 1792இல் ஜெஃபர்சனை ஓரங்கட்டும் அவசரத்தில் எழுதிய ஒரு சட்டத்துக்குள் இவ்வளவு வெடிமருந்து இருந்தது.

கடைசியில் கேள்வி வந்தது 1841 ஏப்ரல் 4 அன்று. ஒரே முறைதான் இருப்பேன் என்று பதவியேற்பு உரையிலேயே சத்தியம் செய்த வில்லியம் ஹென்ரி ஹாரிசன் 31 நாளில் இறந்துபோனார். துணை அதிபர் ஜான் டைலர் வர்ஜீனியாவிலிருந்து விரைந்து வந்தார். ‘துணை அதிபர், அதிபர் பொறுப்பில்’ என்று அழைக்கலாமா என்று அமைச்சர்கள் யோசித்துக்கொண்டிருக்க, டைலர் ஏப்ரல் 6 அன்று தலைநகர் ஹோட்டல் ஒன்றில் ஒரு நீதிபதியை வரவழைத்து அதிபராகவே உறுதிமொழி எடுத்துக்கொண்டார். முன்னாள் அதிபர் ஜான் குவின்சி ஆடம்ஸ் தன் நாட்குறிப்பில் பொருமினார். எதிரிகள் அவருக்கு ‘விபத்து மேன்மை’ என்று பட்டப்பெயர் வைத்தார்கள். ஜூன் 1 அன்று காங்கிரஸ் ஒத்துக்கொண்டது. சாசனம் எழுதியவர்களில் கடைசியாக உயிரோடிருந்த மேடிசன் செத்து ஐந்து ஆண்டு ஆகியிருந்தது, கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் இல்லை. கைக்குக் கிடைத்ததை டைலர் எடுத்துக்கொண்டார், அவ்வளவுதான்.

அவரும் நூலிழையில் தப்பியவர். 1844 பிப்ரவரி 28 அன்று பிரின்ஸ்டன் என்ற போர்க்கப்பலில் பெரிய பீரங்கி வெடித்தது. வெளியுறவு அமைச்சர், கடற்படை அமைச்சர் உட்பட ஆறு பேர் செத்தார்கள். டைலர் அந்த நேரம் கீழ்த்தளத்தில் இருந்தார். மேலே இருந்திருந்தால் செனட்டின் இடைக்காலத் தலைவர் வில்லி மேங்கம் பொறுப்புக்கு வந்திருப்பார். டெக்சாசைச் சேர்த்துக்கொள்வதை எதிர்த்த விக் கட்சிக்காரர் அவர். டைலர் தன் கடைசி நாட்களில், 1845 மார்ச் 1 அன்று, கையெழுத்திட்ட டெக்சாஸ் தீர்மானம் அந்தக் கைக்கு வந்திருக்காது.

டைலர் 1841இல் ஹோட்டல் அறையில் எடுத்த நிலைப்பாட்டை வைத்தே 1963 வரை இன்னும் ஏழு துணை அதிபர்கள், அதிபர் இறந்தவுடன் அதிபரானார்கள். அது சாசனத்தில் எழுத்தாக ஏறியது 1967இல், 25வது திருத்தமாக. 126 ஆண்டு கழித்து. வாஷிங்டன் 1799இல் பதவியில் இருந்தபோதே இறந்திருந்தால், துணை அதிபர் நாற்காலியில் ஜெஃபர்சன் இருந்திருந்தால், அந்த வரி 1804இல் 12வது திருத்தத்தோடு சேர்ந்தே வந்திருக்கும் என்பது என் ஊகம். ஃபெடரலிஸ்டுகள் அவரை வெறும் தற்காலிக ஆளாக நடத்திப் பட்ட பாட்டுக்கு அப்புறம், ஜெஃபர்சன் கட்சி அதை எழுதாமல் விட்டிருக்காது.